28,800 போதும்

மோடம் போடும் சத்தத்தை வைத்தே லைன் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஸ்பீக்கரை அணைக்காதீர்கள் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வேன். நான் கிளம்பியதும் அணைத்துவிடுவார்கள். முதலில் டயல் டோன், பிறகு எண்கள் விழும் ஓசை, மறுமுனையில் மணி, அதன்பின் நீளமாக ஒரு விசில். விசிலுக்கு அப்புறம் வரும் கரகரப்பில்தான் விஷயம். ‘டொய்ங் டொய்ங்’ என்று துள்ளினால் இரண்டு மோடமும் 56கே-வுக்கு, அதாவது விநாடிக்கு 56 கிலோபிட் வேகத்துக்கு முயல்கின்றன. துள்ளாமல் நேரே இரைச்சலுக்குப் போனால் 33.6-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இரைச்சல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பயனில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போன் ஒயர் வந்து சேரும் ரோசெட் பெட்டி சுவரில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டியதுதான்.

1990-களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டிருந்த சமயம். பெரிய ஆலை ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே சின்னச் சின்ன ஷெட்டுகள் வரும். பிரஸ் ஷாப், ரப்பர் மோல்டிங், ஒயரிங் ஹார்னஸ், பெயின்ட் ஷாப், ஜிக் ஃபிக்ஸ்ச்சர் செய்கிறவர்கள். அம்பத்தூரிலிருந்தும் கிண்டியிலிருந்தும் வந்தார்கள், கோயம்புத்தூரிலிருந்தும் வந்தார்கள். ஷெட்டின் முகப்பில் ஏசி போட்ட சின்ன அறை இருக்கும். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், ஒரு ஃபேக்ஸ், ஒரு மோடம். டிவிஎஸ் 50-ல் டூல் பையை மாட்டிக்கொண்டு நான் போய்வந்தது இந்த அறைகளுக்குத்தான்.

ஃபேக்ஸ் இருக்கும்போது இன்டர்நெட் எதற்கு என்று முதலில் எல்லா முதலாளிகளும் கேட்டார்கள். ஃபேக்ஸில் வந்த டிராயிங்கைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கோடுகள் பூசிக்கொண்டு, 0.05 என்ற டாலரன்ஸ் 0.06-ஆகவோ 0.08-ஆகவோ தெரியும். தவறாகப் படித்து டை வெட்டிவிட்டால் நஷ்டம் ஷெட்டுக்காரருக்கு. அதனால் ஆட்டோகேட் ஃபைலையே மெயிலில் அனுப்பு என்று பெரிய கம்பெனிகள் கேட்கத் தொடங்கின. நாளைக்கு எத்தனை பீஸ் வேண்டும் என்ற ஷெட்யூலும் மெயிலில் வரத் தொடங்கியது. மோடம் படுத்தால் நாளைய லாரியே படுத்த மாதிரி ஆயிற்று.

பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில். 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதல் ஆளாக உள்ளே வந்தது. நாங்கள் இருந்ததோ சென்னைக்கு மேற்கே 40 கிலோமீட்டரில். சென்னை எண்ணுக்கு டயல் செய்தால் எஸ்டிடி மீட்டர் ஓடும். பிறகு 172-ல் தொடங்கும் எண்கள் வந்து, உள்ளூர்க் கட்டணத்தில் இணையலாம் என்று ஆனதும்தான் ஷெட்டுக்காரர்கள் தைரியமாக மோடம் வாங்கினார்கள். அப்போதும் இன்டர்நெட் பாக்கெட்டின் விலையை டெலிபோன் பில் தாண்டிவிடும். இணைப்பு ஒவ்வொரு முறை அறுந்து மறுபடி டயல் செய்யும்போதும் புதிதாக ஒரு கால் விழும். ஆகவே ‘ஸ்லோ’ என்பது எங்கள் பக்கத்தில் பொறுமையைச் சோதிக்கிற விஷயமாக மட்டும் இருக்கவில்லை, கணக்குப் பிள்ளை சிவப்பு மையில் வட்டம் போடுகிற விஷயமாகவும் இருந்தது.

திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் மினுக்கும், அதன் மேல் சுட்டியை வைத்தால் ஒரு எண் வரும். இந்தத் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்டது அந்த எண்ணோடுதான். சில இடங்களில் 1,15,200 என்று காட்டும். ஆஹா என்று பூரித்துப் போவார்கள். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே இருக்கும் ஒரு முழக் கேபிளின் வேகம். மோடத்துக்கும் வெளி உலகத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோடத்தின் தொடக்கக் கட்டளையில் ‘டபிள்யூ2’ என்று சேர்த்தால் பெரும்பாலான மோடங்கள் லைனின் உண்மையான வேகத்தைச் சொல்லும். சேர்த்துவிட்டுப் போனால் மறுநாளே போன் வரும்: “நீ வந்துட்டுப் போனதுக்கப்புறம் 1,15,000-லேர்ந்து 31,000-க்கு எறங்கிடுச்சுப்பா, இன்னா பண்ணே?”

சரி, அட்டைப்பெட்டியில் 56கே என்று போட்டிருக்கிறார்களே, அது ஏன் வருவதில்லை? டெலிபோன் லைன் பேச்சுக்காகப் போட்டது. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதில் இடம். நம் குரல் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்ததும் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. அளக்கும்போது சிறு பிசிறு விழும். அந்தப் பிசிறின் இரைச்சல்தான் சாதாரண மோடத்தை 33.6-ல் நிறுத்தி வைக்கிறது. 1998-ல் வந்த வி.90 தரம் ஒரு தந்திரம் செய்தது. இன்டர்நெட் கொடுப்பவரின் முனை டிஜிட்டல் லைனிலேயே நேராக உட்கார்ந்திருந்தால், அங்கிருந்து நம் பக்கம் வருகிற வழியில் எண்ணை ஒலியாக மாற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான், நம் எக்ஸ்சேஞ்சில்தான் நடக்கும். அந்த ஒரே மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வேகத்தை 50-க்கு மேல் ஏற்றினார்கள். இங்கிருந்து அங்கே போகும் வழிக்கு அந்தச் சலுகை இல்லை. வி.90 மோடமானாலும் அனுப்புகிற வேகம் அதிகபட்சம் 33.6-தான்.

நடுவில் இன்னொரு மாற்றம் நுழைந்துவிட்டால் தந்திரம் பலிக்காது. எங்கள் பகுதியில் அது நுழைவதற்குப் பல வாசல்கள். ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு எண்ணை ஓட்டும் பேர்-கெயின் பெட்டி ஒரு வாசல். ஆலைக்குள் உள் எக்ஸ்சேஞ்சாக இருக்கும் டிஜிட்டல் இபிஏபிஎக்ஸ் இன்னொன்று. 1984-ல் தொடங்கிய சி-டாட் உருவாக்கிய சிறிய கிராம எக்ஸ்சேஞ்சுகள் நல்ல டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள்தான். ஆனால் சிறிய எக்ஸ்சேஞ்சைப் பெரியதோடு சேர்க்கும் பாதை எங்காவது அனலாக்காக இருந்தால் 56கே என்பதை மறந்துவிடலாம். இதில் ஏதாவது ஒன்று இருக்கும் இடத்தில் முதலாளி புது மோடம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். சாமி ஊர்வலமே கிளம்பாத தெருவில் தேங்காயோடு நின்று என்ன செய்வது!

லைனைப் பார்க்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு லைன்மேன் அண்ணன். மோடத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதாரண போனை மாட்டச் சொன்னார். ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்து, டயல் டோன் நின்றுவிடும், இப்போது வாயை மூடிக்கொண்டு கேள் என்றார். நல்ல லைனில் ஒன்றும் கேட்காது. ‘உர்ர்ர்’ என்று தாழ்ந்த குரல் கேட்டால் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கரண்ட் ஒயரோடு சேர்ந்து ஓடுகிறது. ‘பட் பட்’ என்று வெடித்தால் ஜாயின்ட் லூஸ். மெலிதாக யாரோ பேசுவது கேட்டால் பக்கத்து ஜோடியோடு இன்சுலேஷன் போய்விட்டது. பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை, சத்தமாகப் பேசிச் சமாளித்துவிடுவார்கள். மோடத்தால் அப்படிச் சமாளிக்க முடியாது.

“மோடத்தக் கொற சொல்லாத தம்பி. எக்ஸ்சேஞ்சுலேர்ந்து பில்லர், பில்லர்லேர்ந்து டிபி, டிபிலேர்ந்து சொவரு. எங்க அறுந்திருக்குன்னு ஒவ்வொண்ணா வெட்டிப் பாத்துட்டு வா” என்பார். பில்லரும் டிபியும் வழியில் கேபிள் பிரியும் பெட்டிகள். அவரோடு போய் நின்று பார்த்ததில் பாதித் தொழில் கைக்கு வந்தது. மீட்டரை வைத்தால் சும்மா இருக்கிற லைனில் 48 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 40-க்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவு. எக்ஸ்சேஞ்சில் லைனைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு கம்பியையும் சேர்த்து லூப் போடச் சொல்லி, இந்தப் பக்கம் ஓம் அளப்போம். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம் வரும். 850 காட்டினால் எக்ஸ்சேஞ்ச் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது, அல்லது இரண்டு கிலோமீட்டரில் இருந்து நடுவில் ஒரு ஜாயின்ட் பச்சை பூத்துப் போயிருக்கிறது. ஷெட் எங்கே, எக்ஸ்சேஞ்ச் எங்கே என்று தெரிந்தவனுக்கு இரண்டில் எது என்று உடனே புரிந்துவிடும். லைனைக் கழற்றாமல் வோல்ட் அளந்துகொண்டிருக்கும்போது யாராவது அந்த எண்ணுக்குப் போன் அடித்தால் 75 வோல்ட் ஏசி விரலில் ஏறும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு தடவை போதும்.

ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு வேலை கூடும். வடகிழக்குப் பருவமழையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிறையும்போது மண்ணுக்குள் இருக்கிற ஜாயின்ட்டுகளிலும் தண்ணீர் ஏறும். ஜெல்லி நிரப்பிய கேபிளுக்குள் தண்ணீர் சுலபத்தில் போகாது. ஜாயின்ட் போட்ட இடத்தில் ஜெல்லி இல்லையே. மழை பெய்த அன்றைவிட, விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் புகார்கள் குவியும். மழையோடு கூட்டணி போட்டது பொக்லைன். தங்க நாற்கரத்துக்காக பெங்களூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். பிறகு சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் விரிந்தன. ஒவ்வொரு புது ஷெட்டுக்கும் தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள் என்று பள்ளம் வெட்டினார்கள். வெட்டியவன் டெலிபோன் கேபிளையும் வெட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவான். அவசரத்துக்குச் சேர்த்த கேபிளில் ஒட்டு மேல் ஒட்டு. ஒட்டுக்கு ஒட்டு நாலைந்து கிலோபிட் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே இப்படி என்றால் ஷெட்டுக்குள் வேறு கதை. வீட்டில் டயல்-அப் பார்க்கிறவனுக்கு ஸ்பாட் வெல்டிங் மெஷின் ஒரு பிரச்சினையாகவே வராது. எங்களுக்கு வரும். ஒரு பிரஸ் ஷாப்பில் மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை இன்டர்நெட் ஜோராக ஓடும், மற்ற நேரமெல்லாம் அறுந்து அறுந்து விழும். சாப்பாட்டு நேரத்தில் லைனில் கூட்டம் குறையும் என்று அவர்கள் தாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். ஒயர் போன வழியிலேயே நடந்து பார்த்தேன். டெலிபோன் ஒயர் வெல்டிங் மெஷினின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில், நாலு விரல்கூட இடைவெளி இல்லாமல், ஷெட்டின் நீளத்துக்கு ஓடியது. அதுவும் முறுக்கில்லாத தட்டை ஒயர். சாப்பாட்டு மணி அடித்தால் மெஷின் நிற்கும், மோடத்துக்கு மூச்சு வரும். தட்டை ஒயரைப் பிடுங்கிவிட்டு முறுக்கு ஜோடி ஒயரைச் சுவரின் மறுபக்கமாக வெளியே கொண்டுபோனோம். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவதால் வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டிலும் சமமாக ஏறி, மறுமுனையில் கழிந்துவிடுகிறது. முறுக்கின் வேலை அவ்வளவுதான். செலவும் ஒயர் விலை மட்டும்தான்.

இதைவிட அதிகம் பார்த்தது பேரலல் போன். முதலாளி அறையில் ஒன்று, கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒன்று, ஸ்டோர்ஸில் ஒன்று, எல்லாம் மோடம் இருக்கிற அதே லைனில். யாராவது ரிசீவரைத் தூக்கினால் மெயில் போச்சு. தூக்காவிட்டாலும், எங்கோ தொங்குகிற ஒவ்வொரு ஒயர்வாலும் சிக்னலைக் கொஞ்சம் திருப்பி அடிக்கும். டிபியிலிருந்து வரும் ஒயரை நேராக மோடத்துக்குக் கொடுத்து, மற்றதையெல்லாம் கழற்றிவிட்டால் பல இடங்களில் வேகம் அப்போதே ஏறிவிடும். ஆனால் இதற்குக் காசு கேட்பது கஷ்டம். “புதுசா என்னத்தப் போட்டே?” என்பார்கள். “ஒண்ணும் போடல சார், எடுத்தேன்” என்றால் பில்லைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கடைசியில் ரோசெட் பெட்டியைப் புதிதாக மாற்றிவிட்டு அதற்குப் பில் போடும் வழக்கத்துக்கு வந்தோம்.

இபிஏபிஎக்ஸ் எக்ஸ்டென்ஷனில் மோடத்தை மாட்டியிருந்தால் ‘டயல் டோன் இல்லை’ என்று அடம் பிடிக்கும். உள் எக்ஸ்டென்ஷனின் டோன் வேறு மாதிரி இருப்பதால் மோடத்துக்கு அது டோன் என்றே தெரியாது. ‘ஏடி எக்ஸ்3’ என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு கமா போட்டால் இரண்டு விநாடி நின்று வெளி லைன் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஒப்பேற்றுதல்தான். டைரக்ட் லைன் ஒன்று வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மாத்தூர் பக்கம் டர்னிங் ஷாப் வைத்திருந்தார். லேத்தில் ஆபரேட்டராகத் தொடங்கி முதலாளியானவர். அவருக்கு ஒரு மனக்குறை. “ஏனுங் தம்பி, பக்கத்து ஷெட்டுல 52 காட்டுதுங்க. நமக்கு 46-ங்க. அதும் நிக்கறதில்ல. அந்த 52-ஐக் கொண்டாந்து குடுங்க.” அவர் லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம். 46,667-ல் இணையும், இணைந்தபின் தாங்காது. இப்படியான லைனில் மோடங்கள் இரண்டும் தரவை நிறுத்திவிட்டு, மறுபடி பேரம் பேசிப் புது வேகம் முடிவு செய்யும். ரீட்ரெயின் என்பார்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு பைட் நகராது. திரையில் மட்டும் 46 மாறாமல் நிற்கும், ஏனென்றால் அது முதலில் கைகுலுக்கியபோது எழுதிய எண். பிறகு எவ்வளவு இறங்கினாலும் அதைத் திருத்துவதில்லை.

அவருடைய தேவை அனுப்புவது. 2 எம்பி டிராயிங் ஒன்றை மெயிலில் இணைத்தால், மெயில் அதை எழுத்துகளாக மாற்றுவதில் மூன்றில் ஒரு பங்கு ஊதி 2.7 எம்பி ஆகிவிடும். 28,800 வேகத்தில் அது போய்ச் சேரச் சுமார் 13 நிமிடம். அனுப்பும்போது நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மெயிலுக்குக் கிடையாது, 12-வது நிமிடத்தில் அறுந்தாலும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு இரவு எட்டு மணிவரை இதே வேலையாக இருந்தது. நான் மோடத்தின் தொடக்கக் கட்டளையில் வி.90-ஐ அணைத்து, 33.6 வரை போகும் பழைய வி.34 தரத்துக்குக் கட்டிப்போட்டு, உச்ச வரம்பை 28,800 என்று வைத்தேன். ராக்வெல் சிப் மோடங்களில் இதற்கு ‘பிளஸ் எம்எஸ்’ என்ற கட்டளை உண்டு. கூடவே எஸ்10 பதிவேட்டைக் கூட்டினேன். லைனில் சிக்னல் ஒரு கணம் மறைந்தால் உடனே போனை வைத்துவிடாமல் மோடம் சில விநாடி பொறுத்திருக்கும்.

திரையில் 28,800-ஐப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. இருங்கள், டிராயிங்கை அனுப்புங்கள் என்றேன். டீ வந்தது, குடித்தோம். மெயில் போய்விட்டது. இன்னொன்றை அனுப்பினார், அதுவும் போனது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஃபீடைக் கூட்டி வெச்சா டூல் அதிர்ந்து ஜாப் ரிஜெக்ட் ஆகும். கொறச்சு வெச்சா ஒரே கட்டுல முடியும். அதானுங்?” என்றார். இதைவிடச் சரியாக நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. அன்றிலிருந்து சிக்கலான லைன்களுக்கெல்லாம் முதலில் 28,800-ல் கட்டிவிட்டு, நாலு நாள் பார்த்துவிட்டு, 31,200-க்கு ஏற்றிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் திரும்ப இறக்க வேண்டிவரும்.

கம்ப்யூட்டர் பக்கமும் வேலை இல்லாமல் இல்லை. பழைய 486-களில் சீரியல் போர்ட்டில் 16450 சிப் இருக்கும். அதற்கு ஒரு பைட்டைத்தான் கையில் பிடித்துவைக்க முடியும். வெளி மோடத்திலிருந்து வேகமாக வருவது சிந்திப்போகும். 16 பைட் தாங்குகிற 16550 சிப் உள்ள கார்டு போட்டால் தீர்ந்தது. விண்டோஸ் 98-ல் இணைப்பின் அமைப்புக்குள் போய் ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’, நெட்பிஇயுஐ, ஐபிஎக்ஸ் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு டிசிபி/ஐபியை மட்டும் வைத்தால், ‘பாஸ்வேர்டு சரிபார்க்கிறது’ என்று நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். இதைச் செய்து காட்டினால் வாடிக்கையாளர் மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மந்திரம் எதுவும் இல்லை, வேறு யாரும் அந்தப் பெட்டிக்குள் போய்ப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் மாத இதழ்களோடு வரும் சிடிகளில் ‘ஸ்பீட் பூஸ்டர்’ என்று ஒன்றாவது இருக்கும். எம்டியு, ரிசீவ் விண்டோ என்று சில எண்களை ரெஜிஸ்ட்ரியில் மாற்றுவதுதான் அவை செய்யும் வேலை. 1,500 பைட் பொட்டலத்தை 576 ஆக்கினால், பின்னால் ஒரு பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும்போது வேறு பக்கம் திறப்பது சற்று இலகுவாகும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று பூஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எது எதை மாற்றியது என்று தெரியாமல் கிடக்கும் கம்ப்யூட்டரைச் சரி செய்ய டயல்-அப் அடாப்டரையே கழற்றி மறுபடி நிறுவுவது சீக்கிரம் முடியும்.

மெயில் சிக்கிக்கொள்வது தனி வகை. யாரோ ஒரு புண்ணியவான் 5 எம்பி போட்டோவை அனுப்பிவிடுவார். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அதை இறக்கத் தொடங்கும், பாதியில் லைன் அறும், மறுபடி முதலிலிருந்து அதையே இறக்கும். அதன் பின்னால் இருக்கிற ஷெட்யூல் மெயில் வரவே வராது. “மூணு நாளா ஸ்லோ சார்” என்பார்கள். அப்போது டெல்நெட்டைத் திறந்து மெயில் சர்வரின் 110-ஆம் போர்ட்டுக்குப் போய், பெயரையும் பாஸ்வேர்டையும் கையாலேயே அடித்து, ‘லிஸ்ட்’ கொடுத்தால் வரிசையாக மெயில்களின் அளவு வரும். பெரியதைப் பார்த்து ‘டெலி’ என்று அதன் எண்ணோடு அடித்து, ‘குவிட்’ கொடுத்தால் முடிந்தது. கறுப்புத் திரையில் இதைச் செய்யும்போது பின்னால் நின்று பார்க்கும் அக்கவுன்ட்ஸ் பெண்கள் “சார், ஹேக் பண்றீங்களா?” என்று கேட்பார்கள். இரண்டு மூன்று பேர் பார்த்தே கற்றுக்கொண்டு என் பிழைப்பைக் குறைத்தார்கள்.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் மோடங்கள் கொத்துக்கொத்தாகச் சாகும். மின்னல் கரண்ட் லைன் வழியாக வருவதைவிட டெலிபோன் லைன் வழியாக வந்ததே அதிகம். வெளி மோடம் என்றால் பெரும்பாலும் அதோடு போகும். உள் மோடம் மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். விலை இரண்டு மடங்கானாலும் வெளி மோடம் வாங்குங்கள் என்று சொன்னது அதனால்தான். அதோடு, உள் மோடங்களில் பல தங்கள் வேலையைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிடுகிறவை; டாலியில் கணக்கு ஓடும்போது இணைப்பு அறும்.

கம்பியே வேண்டாம் என்றும் ஒரு வழி இருந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு மைடாஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட். சுவரில் ஒரு பெட்டி, கூரையில் ஒரு ஆன்டெனா. போன் பேசிக்கொண்டே 35 கிலோபிட்டில் இன்டர்நெட்டும் பார்க்கலாம், பேசாவிட்டால் 70. பள்ளம் தோண்டினால் அறுவதற்கு அதில் எதுவும் இல்லை. எங்கள் பகுதிக்கென்றே கண்டுபிடித்த மாதிரி எனக்குத் தோன்றும். ஆனால் அது இங்கே வேரூன்றுவதற்குள் ஏடிஎஸ்எல் வந்துவிட்டது.

2005 ஜனவரி 14 அன்று பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல் வழியே டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. மோடம் சர்வீஸ் இனி இல்லை என்று கடைக்காரர் கவலைப்பட்டார். எனக்குக் கவலை இல்லை. ஏடிஎஸ்எல் ஓடுவதும் அதே செம்புக் கம்பியில்தான். பேச்சு 3,400 ஹெர்ட்ஸில் முடிகிறது. ஏடிஎஸ்எல் அதற்கு மேலே 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. பச்சை பூத்த ஜாயின்ட்டை டயல்-அப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. ஏடிஎஸ்எல் பொறுக்கவில்லை. பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைக்காத பேரலல் போன் ஒன்று இருந்தால் போதும், ரிசீவரைத் தூக்கும்போதெல்லாம் விளக்கு மினுக்கும். மீட்டரும் அதே, ரோசெட்டும் அதே, கழற்ற வேண்டிய ஒயரும் அதே. பில்லில் மட்டும் ‘பிராட்பேண்ட் சர்வீஸ்’ என்று எழுதினோம்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் போன் செய்யத் தொடங்கி, ஊரே கைபேசி ஊராக மாறிக்கொண்டிருந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறந்தது. அதற்கு முன்பே வல்லம், பண்ருட்டி, வைப்பூர் பக்கமெல்லாம் ஷெட்டுகள் எழும்பிவிட்டன. பெரிய ஆலைகள் ஃபைபரில் லீஸ்டு லைன் இழுத்துக்கொண்டன. அவர்களுக்கு பிராக்கெட் செய்து கொடுக்கும் சின்ன ஷெட்டில் இன்னும் 28,800-ல் கட்டின மோடம்தான்.

அவர்களைக் காப்பாற்றியது யூஎஸ்பி டேட்டா கார்டு. விரல் நீளம், கம்ப்யூட்டரில் செருகினால் தன்னை மோடம் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். சிடிஎம்ஏ கார்டு என்றால் #777 என்று டயல் செய்யும். இணைந்ததும் மூலையில் அதே இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர், 230.4 கேபிபிஎஸ் என்ற எண்ணோடு. அதுவும் போர்ட்டின் வேகம்தான். தகர ஷெட்டுக்குள் சிக்னல் ஏறாததால் கார்டை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எல்லாரும் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளை ஒன்றோடொன்று கோத்து, கூரைக் கம்பியில் கட்டி, மழைக்குப் பால் கவர் சுற்றி வைத்தார்கள். ஐந்து மீட்டரைத் தாண்டினால் யூஎஸ்பி ஒழுங்காக வேலை செய்யாது என்பதைச் சொல்ல மறுபடி நான் போக வேண்டியிருந்தது. “நெட் ஸ்லோவா இருக்குப்பா” என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சமயத்தில் நான் செய்த வேலை, நடுவிலிருந்து ஒரு கேபிளை உருவியதுதான்.